ஸ்டான் மிகிட்டாவின் மூளையும் உங்கள் மௌனமும்: தேசிய ஹொக்கி லீக்கிற்கு ஒரு திறந்த மடல்

தேசிய ஹொக்கி லீக்கின் (என்.எச்.எல்.) ஆணையர் திரு. கேரி பெட்மன் அவர்களுக்கும், 32 அணிகளின் சார்பில் ஆளுநர் குழுவில் அமர்ந்திருக்கும் அனைவருக்கும்,

2018 ஆகஸ்ட் 7ஆம் திகதி, 78ஆவது வயதில், சிக்காகோ பிளாக்ஹோக்ஸ் அணியின் முன்னாள் பனி ஹொக்கி வீரர் ஸ்டான் மிகிட்டா காலமானார். அவருடைய மூளையைக் குடும்பத்தினர் பொஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் ஒப்படைத்தார்கள். தலையில் ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்ப விழும் அடிகளால் மூளை நலிந்துபோகும் சி.டி.ஈ. நோய் அதில் மூன்றாம் நிலையில் இருந்தது என்ற முடிவு 2021 ஒக்டோபரில் வெளியானது. இந்நோய்க்கு இருப்பதே நான்கு நிலைகள்தான். அதற்குப் பிறகும், 2023 ஏப்ரலில் அமெரிக்கப் பொது வானொலிக்கு அளித்த நேர்காணலில், ஹொக்கி ஆட்டத்தின் கூறுகள் இந்நோயை விளைவிக்கின்றன என்று காட்டும் ஆய்வு எதுவும் இருப்பதாகத் தாம் நம்பவில்லை என்ற பொருளில் ஆணையர் பதிலளித்தார். அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கும் ஈழத்தமிழ்ப் பெண். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். என் மகள் ஹொக்கி விளையாடுகிறாள். இம்மடலின் ஆங்கில வடிவத்தை உங்கள் நியூயோர்க் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதி வெளியிடுவதற்குக் காரணம், விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பனித்தளங்களின் குளிர்ந்த இருக்கைகளில் கோப்பியோடு அமர்ந்திருக்கும் எங்கள் பெற்றோர்களும் இதை வாசிக்க வேண்டும் என்பதே.

நூற்றுக்கணக்கான வீரர்களில் மிகிட்டாவை ஏன் எடுத்துப் பேசுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். சி.டி.ஈ. பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் உங்கள் ஆட்டத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் சொல்லும் சமாதானங்கள் அத்தனையும் அவருடைய வாழ்க்கைக்கு முன்னால் பொருளற்றுப் போகின்றன என்பதுதான் காரணம். அவரை உங்களுக்கே அறிமுகப்படுத்துவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனால் உங்கள் விழாக்களில் நீங்கள் சொல்லும் மிகிட்டாவின் கதை எப்போதும் பாதியில் நின்றுவிடுகிறது.

அவர் 1940 மே 20ஆம் திகதி, ஸ்லோவாக்கியாவின் சொகோல்சே என்ற கிராமத்தில், ஸ்டானிஸ்லாவ் குவோத் என்ற பெயரோடு பிறந்தவர். அந்தக் கிராமம் இன்று இல்லை. லிப்டோவ்ஸ்கா மாரா நீர்த்தேக்கத்துக்கு அடியில் போய்விட்டது. செக்கோஸ்லோவாக்கியா கம்யூனிச ஆட்சியின் கீழ் வந்த 1948இல், எட்டு வயதுப் பையனாக, ஒன்ராறியோவின் செயின்ட் கத்தரின்ஸ் நகரில் இருந்த உறவினர்களான ஜோ, அன்னா மிகிட்டா தம்பதியரோடு அனுப்பிவைக்கப்பட்டார். பெற்றோர் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். வளர்த்தவர்களின் குடும்பப் பெயரே அவருடைய பெயரானது. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. தெருவில் பையன்கள் ஹொக்கி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், அவர்களோடு சேர்ந்து விளையாடித்தான் ஆங்கிலமும் கற்றார், ஊரும் பழகினார். அகதிப் பையன் என்று கேலி செய்தவர்களோடு சண்டை போட்டதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தாய் தந்தையரை விட்டுவிட்டு, உறவினர் கையைப் பிடித்துக்கொண்டு இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் எங்கள் சமூகத்திலும் ஏராளம் என்பதால், அவர் சண்டைக்காரராக வளர்ந்ததில் எனக்கு வியப்பு எதுவும் இல்லை.

சிக்காகோ பிளாக்ஹோக்ஸ் அணிக்கு 1958-59 பருவத்தில் வந்தபோதும் அந்தச் சண்டைக்குணம் அவரோடு வந்தது. 1961இல் அணி லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. 1963-64, 1964-65 ஆகிய இரு பருவங்களிலும் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவரே. ஆனால் அந்த இரண்டாவது பருவத்தில் மட்டும் விதிமீறல்களுக்காக 154 நிமிடங்கள் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய சின்ன மகள், அப்பா ஏன் எப்போதும் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார் என்று தாயிடம் கேட்டாளாம். அதன் பிறகு மிகிட்டா ஆடும் விதத்தையே மாற்றிக்கொண்டார். 1966-67இல் அவருடைய தண்டனை நிமிடங்கள் 12. அடுத்த பருவத்தில் 14. அந்த இரு பருவங்களிலும் அதிகப் புள்ளிகளுக்கான ஆர்ட் ரொஸ் விருது, பெறுமதி மிக்க வீரருக்கான ஹார்ட் விருது, நன்னடத்தையோடு ஆடுபவருக்கான லேடி பிங் விருது ஆகிய மூன்றையும் சேர்த்து வென்றார். ஒரே பருவத்தில் இம்மூன்றையும் வென்ற வேறொரு வீரர் உங்கள் லீக்கின் வரலாற்றில் இன்றுவரை இல்லை. பின்னாளில் வந்த பெருவீரர் வெய்ன் கிரெட்ஸ்கி எத்தனையோ சாதனைகளை முறியடித்தார். இது அவருக்கும் வாய்க்கவில்லை.

முரட்டு ஆட்டத்தைத் தாமாகவே கைவிட்டு, அதன் பிறகுதான் தம் ஆட்டத்தின் உச்சத்தைத் தொட்டவர் என்று அவரை நீங்கள் கொண்டாடுகிறீர்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதே மனிதருக்குத்தான் சி.டி.ஈ. வந்திருக்கிறது. பொப் புரோபர்ட் 2010இல் 45 வயதிலும், டெரெக் பூகார்ட் 2011இல் 28 வயதிலும் இறந்து, அவர்களுடைய மூளைகளில் இந்நோய் கண்டறியப்பட்டபோது, இது அடிதடிக்கென்றே களமிறக்கப்பட்ட வீரர்களின் பிரச்சினை என்று பலர் சொன்னார்கள். அவர்கள் குடித்தார்கள், வலி மாத்திரைகளுக்கு அடிமையானார்கள் என்றும் சொன்னார்கள். இறந்தவர்களின் தலையிலேயே பழியைச் சுமத்துவது எளிதாக இருந்தது. மிகிட்டாவைப் பற்றி அப்படிச் சொல்ல எவருக்கும் நா எழாது.

தலைக்கவசம் அணிந்தால் போதும் என்பது அடுத்த சமாதானம். அதற்கும் மிகிட்டாவே விடை. 1967 டிசம்பரில் குறி தவறி வந்த பக் என்னும் ஆட்ட வட்டு அவருடைய காதின் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்தது, தைத்துப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு அவர் எப்போதும் தலைக்கவசத்தோடுதான் ஆடினார். அணிந்தவரைக் கோழை என்று பார்த்த காலம் அது. உங்கள் லீக் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது 1979இல்தான். அதுவும் புதிதாக ஒப்பந்தம் செய்பவர்களுக்கு மட்டும். கவசமில்லாமல் ஆடிய கடைசி வீரரான கிரேக் மக்டாவிஷ் 1997 வரை ஆடிக்கொண்டிருந்தார். உங்களைவிடப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாக விழித்துக்கொண்டவருக்கே இந்நோய் வந்தது என்றால், கவசம் எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்பதைப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டாமா? கவசம் மண்டையோடு பிளக்காமல் தடுக்கும். விரைந்து வரும் உடல் சட்டென்று நிற்கும்போது மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதை அது தடுப்பதில்லை. அந்தக் குலுக்கலில் நரம்பிழைகள் இழுபட்டு, அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் டௌ என்னும் புரதம் பிறழ்ந்து, மூளையின் மடிப்புகளின் ஆழத்தில், சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றிப் படியத் தொடங்குகிறது. இதற்கு மயங்கி விழும் அளவுக்குப் பெரிய அடி விழ வேண்டும் என்பதில்லை. எவரும் குறித்துவைக்காத, வீரரே மறந்துபோகும் சிறு சிறு மோதல்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தாலே போதும்.

மிகிட்டா 1,390க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். 541 கோல்கள், 926 உதவிகள், மொத்தம் 1,467 புள்ளிகள். அத்தனையும் ஒரே அணிக்காக. இந்த எண்களை உங்கள் பதிவேடுகள் வரிசை மாறாமல் வைத்திருக்கின்றன. அவருடைய தலை எத்தனை முறை பனித்தளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் மோதியது என்ற கணக்கு எவரிடமும் இல்லை.

இனி என் வேலை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2015 ஜனவரியில் மிகிட்டாவின் குடும்பம், அவருக்கு லூயி பொடி வகை மறதிநோய் இருப்பதாக வைத்தியர்கள் ஐயுறுகிறார்கள் என்று அறிவித்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில், தாம் வாழ்ந்த வாழ்க்கை பற்றிய நினைவே அவருக்கு இல்லை என்று அவருடைய மனைவி சொன்னதாகச் சிக்காகோ பத்திரிகையில் செய்தி வந்தது. இறந்த பின் நடந்த பரிசோதனையில் லூயி பொடி நோயும் சி.டி.ஈ.யும் சேர்ந்தே இருந்தன என்று தெரியவந்தது. செய்தியில் இதை ஒரு வரியில் வாசித்துவிட்டுக் கடந்துவிடலாம். அந்த நோயுள்ளவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடும் வேலையில் இருக்கும் எனக்கு அது ஒரு வரி அல்ல. காலையில் என் பெயரைச் சொல்லி நன்றி கூறியவர், மாலையில் அறையின் மூலையைக் காட்டி, அங்கே நிற்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்தாயா என்று கேட்பார். அங்கே பிள்ளைகள் யாரும் இருக்கமாட்டார்கள். இல்லையென்று சொன்னால் கோபப்படுவார். ஆமென்று சொன்னால் பொய் சொன்னவளாவேன். இரவில் கனவில் காண்பதை உடலால் நடித்துக் கட்டிலில் இருந்து விழுவார்கள். உடல் விறைத்துப்போகும், கரண்டியை வாய்வரை கொண்டுபோகும் கை பாதி வழியில் நின்றுவிடும். அவர்களோடு நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த மனைவிமார் ஒவ்வொரு நாளும் வந்து, தங்களை யாரென்று தெரியாத ஒருவருக்கு இறைச்சியைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் இல்லத்தில் முன்பு சிறிய தொழில்முறை லீக்குகளில் பல ஆண்டுகள் ஹொக்கி ஆடிய ஒருவர் இருந்தார். அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுத எனக்கு உரிமையில்லை. கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, குனிந்து, காலில் இல்லாத ஸ்கேட்டின் நாடாவை இறுக்கிக் கட்டுவதுபோல் கைகளை அசைத்துக்கொண்டே இருப்பார். ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்பார். அவருக்கு இருந்தது சி.டி.ஈ. தானா என்று நான் சொல்ல முடியாது. இறந்த பின் மூளையைப் பரிசோதித்தால் மட்டுமே அதை உறுதிசெய்ய முடியும், அப்படியொரு பரிசோதனை நடக்கவும் இல்லை. உங்கள் வாதம் இந்த இடைவெளியில்தான் வசதியாகக் குடியிருக்கிறது என்பதையும் நான் அறிவேன். உயிரோடிருக்கும்போது உறுதிசெய்ய முடியாத நோய் என்பதால், உயிரோடிருக்கும் ஒருவருக்கும் நீங்கள் பொறுப்பாகவேண்டி வருவதில்லை.

அந்த இல்லத்தில் என்னோடு வேலை செய்பவர்களில் பலர் தமிழ்ப் பெண்கள். உங்கள் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தைக் கவனித்துக்கொள்வது எங்களைப் போன்றவர்களின் மணிக்கூலி வேலையாகிவிட்டது என்பதை ஆளுநர் குழு அறிந்திருக்க நியாயமில்லை. இப்போது அறிந்துகொள்ளுங்கள்.

அடுத்து நான் சொல்லவிருப்பது என் மகளுக்கு நடந்தது. சென்ற பனிக்காலத்தில் ஓர் ஆட்டத்தின்போது பின்னாலிருந்து தள்ளப்பட்டு, பலகைச் சுவரில் தலை மோத விழுந்தாள். சற்று நேரம் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, அதே ஆட்டத்தில் அவளை மறுபடி இறக்கிவிட்டார்கள். நான் வேலையில் இருந்தேன். என் கணவர் ஆட்சேபித்தும் பயனில்லை. வீட்டுக்கு வந்தவளுக்கு வெளிச்சம் கண்ணைக் கூசியது; பாடப் புத்தகத்தின் வரிகள் அசைவதாகச் சொன்னாள்; பல வாரங்கள் பாடசாலைக்கு முழு நாளும் போக முடியவில்லை. ஒன்ராறியோவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 2013இல் ஒட்டாவாவில் ரக்பி ஆட்டங்களில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்த 17 வயது மாணவி ரோவன் ஸ்டிரிங்கரின் பெயரால் 2018இல் நிறைவேறிய ரோவன் சட்டம் அது. தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும், மருத்துவ அனுமதியின்றித் திரும்ப இறக்கக் கூடாது என்கிறது அது. இதை நான் பயிற்றுநரிடம் சொன்னேன். அவர் சொன்ன பதில்தான் இம்மடலுக்கு விதை. இருபது ஆண்டுகள் ஆடியவர்களுக்கே ஒன்றும் நிரூபணமாகவில்லை என்று என்.எச்.எல். சொல்கிறது, ஒரு சின்ன மோதலுக்கு ஏன் இவ்வளவு பதறுகிறீர்கள் என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். ஊதியம் வாங்காமல் வேலை செய்பவர். வாகனமில்லாத வீட்டுப் பிள்ளைகளைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருபவர். அவர் பொய் சொல்லவும் இல்லை. நீங்கள் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார். வழக்கறிஞர்களின் அறிவுரையோடு, இழப்பீட்டு வழக்குகளை மனதில் வைத்து, சொல் சொல்லாக நிறுத்து நீங்கள் வெளியிடும் ஒரு வாக்கியம், நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டு, ஸ்காபரோவின் ஒரு சமூகப் பனித்தளத்தில், தலை சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையை மறுபடி பனியில் இறக்குவதற்கான அனுமதிச் சீட்டாக வந்து சேர்கிறது. கழகத்துக்கு முறைப்பாடு எழுதினேன். நடைமுறைகள் பின்பற்றப்பட்டன என்று பதில் வந்தது.

நிரூபணமாகவில்லை என்று நீங்கள் சொல்வது அறியாமையால் அல்ல என்பதற்கு உங்கள் சொந்தக் கடிதப் போக்குவரத்தே சான்று. 2011 கோடையில் பூகார்ட், ரிக் ரிப்பியன், வேட் பெலாக் ஆகிய மூன்று வீரர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்தச் செப்டெம்பரில் துணை ஆணையர் பில் டேலி உங்களுக்கு எழுதிய மின்னஞ்சல், பின்னர் நீதிமன்ற உத்தரவால் 2016இல் வெளியானது. சண்டைகள் தலைக்காயங்களைக் கூட்டுகின்றன, அவை மனச்சோர்வைக் கூட்டுகின்றன, அது தனிப்பட்ட அவலங்களைக் கூட்டுகிறது என்று காரண காரியத் தொடராக அவர் எழுதியிருந்தார். உங்கள் அலுவலகத்துக்குள் இப்படிச் சொல்ல முடிந்திருக்கிறது. வெளியே வந்ததும் அதே விடயம் இன்னும் தெளிவாகாத அறிவியலாகிவிடுகிறது. 2016இல் அமெரிக்கச் செனட்டர் ரிச்சர்ட் புளூமென்தாலுக்கு எழுதிய பதிலிலும், 2019 மே மாதத்தில் கனடிய நாடாளுமன்றத்தின் உபகுழு முன்னிலையிலும் ஆணையர் அந்த நிலைப்பாட்டைத்தான் எடுத்தார். நான் வரி கட்டும் நாட்டின் நாடாளுமன்றத்தில், அதன் உறுப்பினர்கள் நேருக்கு நேர் கேட்டபோதும், அனுபவக் கதைகளுக்கு அப்பால் தொடர்பு நிறுவப்படவில்லை என்ற மட்டில் பதில் நின்றுவிட்டது.

2018 நவம்பரில், தலைக்காயங்கள் தொடர்பான வழக்கில் முன்னாள் வீரர்கள் 318 பேரோடு நீங்கள் செய்துகொண்ட உடன்பாட்டின் மொத்தத் தொகை ஏறத்தாழ 1.89 கோடி அமெரிக்க டொலர். அதில் வீரர் கையில் நேரடியாகச் சேரும் ரொக்கம் ஆளுக்கு ஏறத்தாழ 22,000 டொலர்; மீதி பரிசோதனை, சிகிச்சை, வழக்கறிஞர் செலவு போன்றவற்றுக்கு. ஒரு முழுநேரப் பராமரிப்பாளரின் ஓராண்டுச் சம்பளத்துக்கே அது போதாது. அதிலும் லீக் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்கக் கால்பந்து லீக் தன் முன்னாள் வீரர்களுக்கு நூறு கோடி டொலருக்கு மேல் கொடுக்க உடன்பட்டது. 2016 மார்ச்சில் அதன் மூத்த அதிகாரி ஒருவர் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன், கால்பந்துக்கும் சி.டி.ஈ. போன்ற நோய்களுக்கும் தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். அந்த லீக்கை நல்லவர்களின் கூட்டம் என்று நான் சொல்லவரவில்லை. இழுத்துப் பிடித்து, வேறு வழியில்லாமல்தான் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் ஒப்புக்கொண்ட பின் வானம் இடிந்து விழவில்லை; மைதானங்கள் நிரம்பித்தான் வழிகின்றன.

அறிவியல் காத்திருக்கச் சொல்கிறது என்பதும் இன்று பொருந்தாது. திரும்பத் திரும்ப ஏற்படும் மூளைக்காயங்கள் சி.டி.ஈ.க்கு ஒரு காரணம் என்று அமெரிக்க அரசின் தேசிய நரம்பியல் நோய்கள் நிறுவனம் 2022 ஒக்டோபரில் தன் நிலைப்பாட்டைத் திருத்திக்கொண்டது. 2024 டிசம்பரில், இறந்துபோன 77 ஹொக்கி வீரர்களின் மூளைகளை ஆராய்ந்த பொஸ்ரன் குழுவின் ஆய்வு வெளியானது. 42 பேருக்கு சி.டி.ஈ. இருந்தது; கூடுதலாக ஆடும் ஒவ்வோர் ஆண்டும் இந்நோய் வருவதற்கான வாய்ப்பை 34 விழுக்காடு உயர்த்துகிறது என்று அது கணக்கிட்டது. நோயின் அறிகுறிகளைக் கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடையாக அளிக்கின்றன, ஆகவே இந்த விகிதத்தை எல்லா வீரர்களுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது என்று உங்கள் தரப்பு சொன்னால், அது நியாயமான எச்சரிக்கை. ஆய்வாளர்களும் அதையே சொல்கிறார்கள். ஆனால் ஆடிய ஆண்டுகள் கூடக் கூட நோய் கூடுகிறது என்ற கண்டுபிடிப்பை அந்த எச்சரிக்கையைக் கொண்டு தள்ளிவிட முடியாது.

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று எழுதினால் நான் நேர்மையற்றவளாவேன். 2010இல் பொஸ்ரன் அணி வீரர் மார்க் சவார்ட் தலையில் தாக்கப்பட்ட பிறகு தலைத்தாக்குதல் பற்றிய 48ஆவது விதியைக் கொண்டுவந்தீர்கள். அடிபட்ட வீரரை அமைதியான அறையில் வைத்துப் பரிசோதிக்கும் முறையும், ஆட்டத்தைக் கண்காணித்து வீரரை வெளியே அழைக்கும் அலுவலர்களும் வந்தார்கள். சண்டைகள் முன்பைவிட வெகுவாகக் குறைந்திருக்கின்றன. ஆனால் அந்த 48ஆவது விதி, மோதல் முதன்மையாகப் பட்ட இடம் தலையாக இருந்து, அது தவிர்க்கக்கூடியதாகவும் இருந்தால்தான் தண்டிக்கிறது. தலை தற்செயலாக அடிபட்டால் மூளை அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளுமா? தலையில் படும் எல்லா மோதல்களையும் தண்டியுங்கள் என்று உங்கள் லீக்கின் பெருமைக்குரிய கோல்காவலர் கென் டிரைடன் தம் இறுதிக்காலம்வரை மன்றாடினார். கியூபெக் இளையோர் லீக் 2023இல், சண்டையிடுபவரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றும் விதியைக் கொண்டுவந்தது. உங்கள் லீக்கில் சண்டையிட்டால் இன்னும் ஐந்து நிமிடங்கள்தான்.

மிகிட்டாவின் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி பனித்தளத்தில் அவர் எடுத்த புள்ளிகள் அல்ல. செவித்திறன் குறைந்த மகனைக் கொண்ட சிக்காகோ வணிகர் இர்வ் டியாநிபிக்கோடு சேர்ந்து, 1973இல் செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்காக ஒரு ஹொக்கிப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஊதல் ஒலி கேட்காத பிள்ளைகளுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று எவரும் நம்பாத காலத்தில், அவர் ஆண்டுதோறும் அந்தப் பனியில் நின்றார். அங்கிருந்து ஓர் அமைப்பே வளர்ந்தது. அதன் வீரர்கள் செவித்திறன் குறைந்தோருக்கான உலகப் போட்டிகளில் அமெரிக்காவுக்காக ஆடினார்கள். 1972இல் கனடிய அணி பிராக் நகரில் ஆடியபோது, அவர் பிறந்த நாட்டு மக்கள் முன்னிலையில் அவரை அணித்தலைவராக்கி மரியாதை செய்தார்கள். இவ்வளவையும் செய்த மனிதருக்குக் கடைசியில் இவற்றில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அவருடைய 21ஆம் எண்ணை 1980இல் வேறெவரும் அணியாதபடி ஓய்வளித்தீர்கள். சிக்காகோ அரங்கின் வெளியே வெண்கலச் சிலை நிற்கிறது. அவருடைய மூளையைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை.

முதலாவதும் முதன்மையானதுமாக, ஹொக்கியில் தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகள் சி.டி.ஈ.க்குக் காரணமாகின்றன என்பதைத் தேசிய ஹொக்கி லீக் எழுத்து மூலம், தன் பெயரில், நிபந்தனைச் சொற்கள் எதையும் ஒட்டவைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன் இது நடக்க வேண்டும். மற்ற எல்லாக் கோரிக்கைகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. இதைச் செய்யாமல் மற்றவற்றைச் செய்தால், என் மகளின் பயிற்றுநர் கையில் அந்தப் பழைய வாக்கியம் அப்படியே இருக்கும்.

தலையில் படும் எந்த மோதலையும், நோக்கம் என்னவாக இருந்தாலும், தண்டனைக்குரியதாக 48ஆவது விதியைத் திருத்துங்கள். சண்டையிடும் வீரரை அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றுங்கள். வீரர் சங்கத்தின் சம்மதம் தேவை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பேச்சுவார்த்தையை இந்த ஆண்டே தொடங்குங்கள்.

மறதிநோயோடும் மூளை நலிவோடும் வாழும் முன்னாள் வீரர்களின் பராமரிப்புச் செலவை ஏற்கும் நிதியம் ஒன்றை, லீக்கின் வருமானத்திலிருந்து, வழக்குத் தொடுக்க வேண்டிய அவசியமில்லாத வகையில் அமையுங்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வு கொடுக்கக்கூடிய பராமரிப்பாளர்களின் ஊதியம் அதில் அடங்க வேண்டும். வயதான வீரர்களில் பலர் இன்றைய கோடிகளைக் கனவிலும் காணாத காலத்தில் ஆடியவர்கள்.

நீங்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருக்கும் மூளை அதிர்ச்சி பற்றிய தரவுகளை, வீரர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, உங்களிடம் ஊதியம் பெறாத ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள்.

உங்கள் நிதியுதவியோடும் உங்கள் இலச்சினையோடும் நடக்கும் சிறுவர் ஹொக்கித் திட்டங்கள் ஒவ்வொன்றிலும், சி.டி.ஈ. பற்றிய உண்மையைச் சொல்லும் ஒரு பக்கக் குறிப்பைப் பெற்றோர் கையில் கொடுங்கள். புதிய குடும்பங்களை ஆட்டத்துக்கு அழைக்கும் விளம்பரங்களில் எங்கள் பிள்ளைகளின் முகங்கள் உங்களுக்குத் தேவைப்படுகின்றன. அப்படியானால் அந்தக் குறிப்பு தமிழிலும், பஞ்சாபியிலும், சீனத்திலும், அந்தந்தப் பனித்தளத்துக்கு வரும் பெற்றோர் வாசிக்கக்கூடிய மற்ற மொழிகளிலும் இருக்க வேண்டும். மொழிபெயர்க்க ஆளில்லை என்றால் தமிழ்ப் பிரதியை நானே எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம்.

கடைசியாக, மிகிட்டாவின் பெயரை இனி எந்த நிகழ்வில் எடுத்தாலும், அவர் எப்படி வாழ்ந்தார் என்பதோடு எந்த நோயோடு இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தம் மூளையை ஆய்வுக்குக் கொடுத்த வீரர்களின் குடும்பங்களை அழைத்து, அவர்கள் பேசுவதை ஆளுநர் குழு முழுவதும் அமர்ந்து கேளுங்கள்.

என் மகள் குணமாகிவிட்டாள். மீண்டும் ஆட விரும்புகிறாள். அனுமதிப்பதா என்று நானும் என் கணவரும் இன்னும் முடிவெடுக்கவில்லை. முதலாவது கோரிக்கைக்கு நீங்கள் அளிக்கும் பதிலை, ஆம் என்றாலும் இல்லை என்றாலும், எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அது வந்ததும் எங்கள் பனித்தளத்தின் அறிவிப்புப் பலகையில், தமிழாக்கத்தோடு ஒட்டுவேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு பராமரிப்பு உதவியாளர், ஒரு ஹொக்கி வீராங்கனையின் தாய்